விளக்கின் அடியில் பரிபவம்

ஆரிஃபாவுக்கு பி.ஏ. தமிழில் ஒரே ஒரு தாள்தான் பாக்கி. நாவல் தாள். அந்தக் காலத்து நாவல். பக்கத்துக்குப் பக்கம் வாயில் நுழையாத சொற்கள். போன தடவை அதில்தான் தோற்றாள். தபால் படிப்புக்குக் கொடுத்திருந்த கெடு இந்தத் தேர்வோடு முடிகிறது. இதையும் விட்டால் பட்டம் இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அவளுக்கு வேலை. ஒருமுறை சுட்டெடுத்த அகல்விளக்குகளை, சூட்டில் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கரைசலில் முக்கி, அடியை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். துடைக்காவிட்டால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் துடைத்த அடியில்தான், பாருங்கள், அவள் பாடம் படித்தாள். பென்சிலால் ஒரு சொல் எழுதுவாள், வாய்க்குள் பொருளை முணுமுணுப்பாள், அடுத்த அகலை எடுப்பாள். சூளை நெருப்பில் பென்சில் எரிந்துபோகும். விளக்கு ஒன்றும் தெரியாததுபோல் வெளியே வரும்.

ஒருநாள் பென்சில் நழுவிக் கரைசல் வாளிக்குள் போய்விட்டது. பக்கத்து மேசையில் பொம்மைக்குக் கண் எழுதுகிற நீலச் சாயம் இருந்தது. தூரிகையைத் தொட்டு எழுதினாள். அந்த நீலம் நெருப்பில் அழியாது, இன்னும் அழுத்தமாக ஏறும் என்பது அவளுக்குத் தெரியாததா? சொல்லின் நினைப்பில் மறந்தே போனாள்.

சூளை பிரித்த காலையில் முதலாளி சக்கரபாணி இரண்டு அகல்களைக் கவிழ்த்துப் பிடித்தபடி வந்தார்.

“ஏம்மா, பரிபவம்னா என்னா?”

“அவமானங்க.”

“இது?”

“வியாகூலங்க. மனசு கெடந்து தவிக்கிறது.”

“கார்த்திகைக்கு வூட்டு வாசல்ல வெக்கிற வௌக்கும்மா. அவமானத்துல எண்ணெய ஊத்தி ஏத்தச் சொல்றியா?”

எதிரில் அகல் துடைத்துக்கொண்டிருந்த பூவாயி சிரித்துவிட்டாள். முதலாளி சிரிக்கவில்லை. “இனிமே இங்க ஒரு எழுத்து எழுதக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரிஃபாவின் முகம் தொங்கிப்போயிற்று. வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், வளைகுடாவில் கணவன். இந்த மேசையை விட்டால் படிக்க வேறு இடம் ஏது?

“எழுதத்தான கூடாதுன்னாரு,” என்றாள் பூவாயி. “வாயக் கட்டிப் போட்டாரா? எங்கிட்ட சொல்லுடி.”

“பழைய தமிழு உனக்கு எதுக்குக்கா?”

“எனக்கும் பொழுது போவணும்ல.”

ஆரிஃபா தொடங்கினாள். “அசூயைன்னா பொறாமை.”

“யாருக்கு யாரு மேல?”

இதற்கு அகராதியில் பதில் இல்லை. கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஜமீன் வீட்டு மூத்த மருமகளுக்கு இளையவள்மேல் அசூயை. தன் மோதிரத்தைத் தானே ஒளித்துவிட்டு இளையவளைத் திருடி என்றாள். ஊர் கூடிய இடத்தில் இளையவளுக்குப் பரிபவம். அவளோ வாய் திறக்காமல் வாளாவிருந்தாள்.

“சும்மா நின்னாளா? ஏன்?” பூவாயிக்குக் கை நின்றுவிட்டது. “நானா இருந்தா மயிரப் புடிச்சி உலுக்கியிருப்பேன்.”

“அவளுக்குப் பயம்க்கா.”

“பயமில்லடி. பேசுனா புருசன் யாரு பக்கம் நிப்பான்னு தெரிஞ்சிபோயிடும். அது தெரிய வாணாம்னு நின்னிருக்கா.”

ஆரிஃபா விடவில்லை. அன்றைக்கு முழுக்க வாக்குவாதம். இரவு வீட்டில் எல்லாரும் தூங்கியபின் அந்த அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டினாள். மறுநாள் சண்டைக்கு ஆதாரம் வேண்டுமே. அப்படியே நாவல் முடிகிறவரை சண்டை போட்டார்கள். கடினமான சொல் வந்தால் பூவாயி விடமாட்டாள். அது யார் மனசில், எந்த நேரத்தில் என்று கேட்டுக் குடைந்துவிடுவாள்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்: இளைய மருமகளின் மௌனத்தை விளக்குக. போன தடவை இப்படி ஒரு கேள்விக்குத்தான், மனப்பாடம் செய்த சொற்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய ஆளோடு வந்து நின்றது. தன் கட்சியையும் எழுதினாள், பூவாயியின் கட்சியையும் எழுதினாள். கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள்.

முடிவு வந்தபோது அவள் கையெல்லாம் கிளேஸ். முதலாளிதான் அவளுடைய போனை எடுத்துப் பார்த்தார்.

“பாஸும்மா. நல்ல மார்க்குதான்.”

ஆரிஃபாவுக்குக் கண் நிறைந்தது. ஈரக் கையோடு பூவாயியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு சேலையும் வெள்ளையாயின.

“வுடுடி, வேல கெடக்குது,” என்றாள் பூவாயி, தானும் விடாமல். “எம்.ஏ.வுல என்னா கதை வெச்சிருக்கான்னு கேட்டியா?”