உப்பில்லாத பிரியாணியும் நாற்பத்தெட்டு எண்களும்

பத்தரைக்கு டோபி காட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நேர்முகத் தேர்வு. பதற்றத்தில் ஒன்பதரைக்கே அதற்கு ஒரு நிலையம் முன்னால் லிட்டில் இந்தியாவில் இறங்கி, ஒரு காப்பிக்கடையில் தே தாரிக் டீ வாங்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். வேலை போன ஐந்து மாதத்தில் வந்த முதல் அழைப்பு இது. அங்கே காட்ட வேண்டிய பதினான்கு ஸ்லைடுகளும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை. புது லேப்டாப்பையே நம்பாவிட்டால் எதை நம்புவது?

அப்டேட் செய்யலாமா என்று கேட்டது. 'சரி' என்று அழுத்தினேன். யார் எதைக் கேட்டாலும் பாதியிலேயே சரி சொல்லிவிடுவது என் வியாதி.

அணைந்து எழுந்த திரை முழுக்க நீலம். உள்ளே இருப்பதெல்லாம் பூட்டப்பட்டுவிட்டதாம். திறக்க நாற்பத்தெட்டு இலக்கச் சாவி வேண்டுமாம். என் வீட்டு எண்ணையே நான் கதவைப் பார்த்துத்தான் சொல்வேன்.

லேப்டாப்பை முதன்முதலில் யார் கணக்கில் தொடங்கினோமோ, சாவி அங்கே இருக்கும். தொடங்கியது புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் அக்கா உம்மு சல்மாவின் கணக்கில். வாங்கித் தந்தவளும் அவளே. அன்று என் மின்னஞ்சலைக் கேட்டாள். "உன்னுதையே போடு லாத்தா" என்றவன் நான்.

அவளோடு பேச்சு நின்று மூன்று மாதம்.

எங்கள் குடும்ப விருந்துகளில் உப்புப் பார்ப்பது என் பொறுப்பு. அவள் மகள் ஹம்னாவின் நிக்காஹ் அன்று நான் கதையளந்துகொண்டிருந்தேன். சமையல்காரர் வந்து கேட்டதும், நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்காமல் "சரி, தம் போடுங்க" என்றேன். அறுநூறு பேர் சப்பென்ற பிரியாணியைச் சாப்பிட்டார்கள். அதோடு விட்டேனா? "எங்க லாத்தாவுக்கு பிரஷர், உப்பு ஆகாது" என்று சம்பந்திகள் முன்னால் ஒரு ஜோக் வேறு. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு ஜோக்தான் வரும்.

மணி ஒன்பது ஐம்பது. அவள் எண்ணை மூன்று முறை எடுத்து மூன்று முறை மூடினேன். நான்காவது முறை அழைத்தே விட்டேன்.

"என்ன?"

"லாத்தா, லேப்டாப் பூட்டிக்கிச்சு. சாவி உன் அக்கவுண்ட்ல இருக்கு."

"மூணு மாசம் கழிச்சு லேப்டாப்புக்காகக் கூப்பிடுறே."

"பத்தரைக்கு இன்டர்வியூ."

மறுமுனையில் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியைத் தேடும் ஓசை, பிறகு அவள் தன் கணக்கைத் திறக்கும் கீபோர்டு தட்டல்.

"டேய் ஒலி, ஆறு ஆறா சொல்றேன். ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லு. பாக்காம சரி சரின்னு சொன்னே, போன வச்சுருவேன்."

அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். நான்காவது ஆறில் நாக்கு வழுக்கியது.

"மூணு இல்லடா, எட்டு!"

"லாத்தா, அன்னிக்கு நான் உப்பே பாக்கல."

"தெரியும்."

"அத மறைக்கத்தான் அந்த ஜோக்."

"அதுவும் தெரியும்லா. நீ வாயத் தொறந்து சொல்வியான்னுதான் மூணு மாசமா உக்காந்திருக்கேன். அடுத்த ஆறு, எழுது."

எட்டாவது ஆறையும் போட்டு என்டரைத் தட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தே தாரிக் ஆடை கட்டிவிட்டது. பத்து மணி ஆறு நிமிடத்துக்கு என் கோப்புகள் தெரிந்தன.

"சரியாயிருச்சு லாத்தா!"

"பாத்தியா, சும்மா சொல்றியா?"

முதல் ஸ்லைடிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"பாத்துட்டேன். பதினாலும் இருக்கு."

"அப்ப ஓடு. முடிஞ்சதும் இங்க வா, கறி ஆணம் வைக்கிறேன். உப்பு பாக்க ஆள் இல்ல."