வேருக்கு ஐஸ் பாட்டில்

கீ... கீ... கீ...

கூடத்து மேஜையில் கிடந்த கைபேசி வீறிட்டு அலறியது. மதியச் சாப்பாட்டில் கை வைத்திருந்த மேலாளர், நாற்காலி பின்னால் சாயச் சாய எழுந்தார்.

"தண்ணி சூடு ஏறிடுச்சு! பாட்டிலை எடு, பாட்டிலை எடு!"

மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். மேல்தட்டைத் திறந்தால், விறகுக் கடையில் கட்டை அடுக்கியது போல உறைந்த தண்ணீர் பாட்டில்கள். கைக்கு இரண்டாக அவள் உருவி நீட்ட, மேலாளர் எச்சில் கையோடு வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டை மாடிக்குப் போனார். ஆபீசில் ஒரு வாடிக்கையாளர் காலையிலிருந்து காத்திருந்தாலும் இருக்கையை விட்டு அசையாத மனிதர் அவர். ஆபீஸ் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாட்டுக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வார். உண்மையில் செடிக்காக.

மாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வெள்ளைத் தொட்டிகள். தொட்டி மூடியில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒன்றாகக் குடமிளகாய்ச் செடி. மண் ஒரு பிடி கிடையாது. சத்து கலந்த தண்ணீரில் வேர் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு சின்ன மோட்டார் விடாமல் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். இந்த வெயிலில் அந்தத் தண்ணீர் சூடானால் வேர் அழுகிவிடும். அதற்காகத் தொட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு, சூடு ஏறினால் கைபேசி கத்தும்படி செய்திருந்தார். கத்தினால் ஐஸ் பாட்டிலை உள்ளே இறக்க வேண்டும். பாட்டில் உருகினால் அடுத்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் அந்தக் கோடையில் வீட்டுக்காரர்களுடையதாக இல்லை.

மேலாளர் இறங்கி வந்தபோது அவருடைய அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய தோள் இன்னும் அகலமாகத்தான் இருந்தது. சட்டைதான் சமீபத்தில் தொளதொளத்துப் போயிருந்தது. கையில் இன்சுலின் புட்டி.

"டேய் தம்பி, இந்த ஊசி மருந்து கல்லாட்டம் இறுகிக் கெடக்குடா."

"உள்ளங்கையில வச்சு உருட்டுங்கப்பா, இளகிடும்."

"நேத்தும் இப்படித்தான்..."

"அப்பா! ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாங்க. பூ வேற கொட்டுது. நானே டென்ஷன்ல இருக்கேன், ஊசி போட்டுட்டுச் சாப்பிடுங்க."

பெரியவர் புட்டியை உருட்டினார். அது இளகியது. ஊசியில் ஏற்றிக் குத்திக்கொண்டார்.

மருந்து ஏன் இறுகியது என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. கதவுப் பக்கத் தட்டில்தான் அது எப்போதும் இருந்தது. அடுத்து உறைய வேண்டிய பாட்டில்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டதால், மேலாளர்தான் மருந்துப் பெட்டியை எடுத்து ஃப்ரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தார். "மருந்து இனிமே அங்கதான், எடுத்தா அங்கயே வச்சிடுங்க" என்று உத்தரவும் போட்டார். பாட்டில் சீக்கிரம் உறையட்டும் என்று குளிரைக் கூட்டும் சக்கரத்தைக் கடைசி வரை திருகிவிட்டவரும் அவரேதான்.

மருந்து இடம் மாறிய பிறகு பெரியவரின் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. விரலைக் குத்திப் பார்க்கும் கருவியில் முன்னூறு வந்தது, பிறகு அதையும் தாண்டியது. வீட்டிலேயே விசாரணை நடந்தது. நீதிபதியும் மேலாளர், போலீசும் மேலாளர்.

"என்ன தின்னீங்க?"

"நீங்க போட்டதைத்தான்."

"கருவி பொய் சொல்லுமா?"

"கருவி பொய் சொல்லாது, அப்பன் சொல்லுவான். அப்படித்தானே?"

அன்றே பிஸ்கட் டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. மறுநாள் சர்க்கரை டப்பாவும் போனது. பெரியவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மருமகள் அவருடைய தலையணை உறைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். மகன் ஆணியில் தொங்கிய சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு மூக்குக் கண்ணாடியும், கூட ஓடிய கண்டக்டர் கொடுத்த பழைய பஸ் விசிலும் விழுந்தன. ஈரத்துண்டோடு வந்து நின்ற பெரியவர் குனிந்து விசிலை எடுத்துக்கொண்டார்.

"என் பஸ்ல பிக்பாக்கெட் ஏறினா விசில் ஊதித்தான் பிடிப்போம். நீ எனக்கு முன்னால ஊதியிருக்கலாமேடா."

"உங்க நாக்கு அடங்கியிருந்தா நான் ஏன்ப்பா பையைத் துழாவப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடித்தோட்டக்காரர்கள் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு 'ஆகா' போட்டார்கள். இந்த வெயிலிலும் செடியில் காய் தொங்கியது உண்மை. பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பூவையும் மெல்லத் தட்டி, மகரந்தம் உதிர வைத்து, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்திருந்தார். குளிர்ந்த வேரும் மணக்கும் தண்ணீருமாக ஒரு மூடியைத் தூக்கிக் காட்டி, மேலாளர் பேச ஆரம்பித்தார்.

"நிறையப் பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. இலை வாடினா செடி சரியில்லை, விதை சரியில்லைம்பாங்க. நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். செடி பொய் சொல்லாதுங்க. அது வாடுதுன்னா நாம குடுக்கறதுல ஏதோ கோளாறு. முதல்ல தண்ணியைப் பாருங்க!"

கைதட்டினார்கள். ஒருவர் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

காற்றுக்காக மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் அது கேட்டது. "கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வரும். எங்க வீட்டுக் குடமிளகா பிஞ்சுலயே வாட்ஸ்அப்புக்கு வந்துடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு வாய் ஜாஸ்தி. சர்க்கரை நானூறு ஓடுது, திருட்டுத் தீனி விடமாட்டேங்கறார். செடிங்க சொன்ன பேச்சு கேக்குது, பெரியவங்கதான் கேக்கமாட்டாங்க" என்று விருந்தாளிகளிடம் கண்ணடித்தார்.

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தாலும் தீராத தாகம். கண்ணுக்கு முன்னால் கூடம் தண்ணீருக்குள் தெரிவது போல ஆடியது. ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து, நின்ற வாக்கிலேயே கடகடவென்று குடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

மேலே கைபேசி கத்தியது. கீ... கீ... கீ...

விருந்தாளிகள் முன்னால் தண்ணீர் சூடேறினால் மானம் போய்விடாதா? மேலாளர் விழுந்தடித்து இறங்கினார். அப்பா கையில் பாதி காலியான பாட்டில்.

"என்னப்பா பண்றீங்க? அது வேருக்கு வச்சதுப்பா!"

"தாகம்டா..."

"குடத்துல தண்ணி இல்லையா? வேணும்னே பண்றீங்க! நாலு பேரு முன்னால என்னை அசிங்கப்படுத்தணும், அதானே?" பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினார்.

பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பிடுங்கிய கை போன திசையிலேயே அவர் உடம்பும் சாய்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் தலை இடிபட, பாட்டில்கள் உருள, சமையலறைத் தரையில் பஸ் டயர் மாதிரி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குழாய் ஏற்றினார்கள். கருவி காட்டக்கூடிய எண்ணைச் சர்க்கரை தாண்டியிருந்தது. இளம் பெண் மருத்துவர், பேசப் பேச எதையாவது எழுதிக்கொண்டே இருப்பவர், தலை நிமிராமல் கேட்டார்.

"ஊசி ஒழுங்காப் போடறாரா?"

"போடறார் டாக்டர். தீனிதான் கட்டுப்பாடில்லை. எவ்வளவு சொல்லியும்..."

"நீங்க பார்த்தீங்களா, அவர் தின்னதை?"

மேலாளர் மனைவியைப் பார்த்தார். தலையணை உறை, சட்டைப் பை, கட்டிலுக்கடி என்று தேடியதில் ஒரு பிஸ்கட் தூள்கூடக் கிடைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மருந்தை எங்க வைக்கிறீங்க?"

"ஃப்ரிட்ஜ்லதான்" என்றார் மேலாளர், கொஞ்சம் பெருமையாகவே.

"கொண்டு வாங்க. நான் பார்க்கணும்."

மனைவிதான் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. கடைசியில் பின்சுவர் தெரிந்தது. மருந்துப் பெட்டி அதோடு ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் இழுத்தாள், வரவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதும் பெயர்ந்து வந்தது. உள்ளே புட்டி வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. தட்டினால் 'டொக்' என்றது.

கல்லாட்டம் இறுகிக் கெடக்குடா.

எடுத்து வைத்த பாட்டில்களை அவள் ஒவ்வொன்றாகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்தாள். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மருத்துவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வழியில் உருகிப்போன மருந்தில் பொடிப்பொடியாகத் திப்பி மிதந்தது.

"இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான். உருகினாலும் அதை நம்ப முடியாது. இத்தனை நாளா இவர் தண்ணியைக் குத்திக்கிட்ட மாதிரிதான். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க, வேற இடத்துக்குப் போயிருப்பீங்க." எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் முறையாக நிமிர்ந்தார். "இவருக்கா தீனி கட்டுப்பாடில்லைன்னு சொன்னீங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜுக்குள் இருந்திருக்கிறது.

நடைவழியில் மேலாளரின் சட்டைப் பைக்குள் கைபேசி கத்தியது. கீ... கீ... கீ... பழக்க தோஷம், கை தானாகப் பைக்குள் போனது.

"ஓடுங்க" என்றாள் மனைவி. குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "ஏன் நிக்கறீங்க? வேர் அழுகிடும், ஓடுங்க!"

"ஏய், மெதுவா... எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! காலையில ஏழெட்டுப் பேரு பாக்க என்ன சொன்னீங்க? செடி பொய் சொல்லாது, வாடினா தண்ணியைப் பாருன்னு சொன்னீங்கல்ல? பெத்த அப்பன் வாடினப்போ எதைப் பாத்தீங்க? சட்டைப் பையைப் பாத்தீங்க! நான் மட்டும் யோக்கியமா? தலகாணியைக் கிழிக்காத குறையாத் தேடினேனே! அந்தக் கை வெந்து போகக் கூடாதா?" புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்தாள். "வயசானவங்க ஒண்ணு சொன்னா அதைக் காதுல வாங்கறதுக்கு முன்னாலயே குத்தம் கண்டுபிடிச்சுடறோம். அவங்க உடம்பு சொல்றதையும் நம்ப மாட்டோம், வாய் சொல்றதையும் நம்ப மாட்டோம். சோறு போடறதுக்குப் பேரு கவனிப்பு இல்லைங்க. சொல்றதைக் கேக்கறதுதான் கவனிப்பு!"

கைபேசி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மேலாளர் அதை அணைத்தார். எப்படி அணைப்பது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. இத்தனை நாளில் அவர் அதை ஒரு தடவைகூட அணைத்ததில்லை.

அன்றும் மறுநாளும் மாடிக்கு யாரும் போகவில்லை. வெள்ளை வேர்கள் பழுப்பாகி, வழுவழுத்து, நாறின. இலைகள் தொங்கின. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் குழுவில் "என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தார்.

பெரியவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்த அன்று மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் புது மருந்துப் பெட்டி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். குற்றம் செய்தவனுக்கு முதலில் வருவது கேள்விதான்.

"அப்பா... மருந்து சரியில்லைன்னு என்னை உக்கார வச்சு, ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரியவர் மகனைப் பார்த்தார். முப்பது வருஷம் கண்ணாடிக்குள் ரோட்டைப் பார்த்த அதே பார்வை, நேராக, இமைக்காமல்.

"தெனமும் சொன்னேன்டா. மனுஷன் பாஷையில சொன்னேன், உனக்குக் கேக்கலை. 'கீ கீ'ன்னு கத்தியிருந்தா ஓடி வந்திருப்ப."