நோட்டீஸில் இல்லாத வடிகால்

1

இந்தக் கதை தேர்தல் நோட்டீஸாகத்தான் தொடங்கியது. மந்தாரக்குப்பத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் டெய்சி மறுபடியும் நிற்கிறார். "கதையெல்லாம் எழுதுறீங்களே சார், நான் செஞ்சத ஒரு பக்கத்துல எழுதித் தாங்க. பொய் வேணாம்" என்றார்.

எழுதினேன். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், முதியோர் பென்ஷனுக்கு அலைந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஐந்தாம் தெரு மழைநீர் வடிகால். மழை வந்தால் பிள்ளைகளோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்த தெரு அது. இப்போது தரை நனைவதில்லை.

டெய்சி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார்.

அவர் கணவர் பெனடிக்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருக்கறதுல பெருசு அது ஒண்ணுதான். அதையும் அடிச்சிட்டா, உன் சிரிச்ச மூஞ்சிக்கா ஓட்டு போடுவாங்க?"

"செங்கமலம் அக்கா வூட்டுக்கும் இந்த நோட்டீஸ் போவும்" என்றார் டெய்சி.

(கதைக்குள் வந்துவிட்டதால் இனி டெய்சியை 'அவள்' என்று எழுதுவேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.)

2

"செங்கமலத்தின் வாசலில் வானளாவி நின்ற முருங்கை..."

வேண்டாம். முருங்கை எங்கே வானளாவுகிறது?

வளையமாதேவியில் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, செங்கமலம் தன் வரப்பிலிருந்து ஒரு முருங்கைக் கிளையை வெட்டி, பஸ்ஸில் மடியில் கிடத்திக்கொண்டு வந்து ஐந்தாம் தெருவில் வீட்டு வாசலில் நட்டாள். அது மரமானது. காலை ஷிஃப்டுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும்போது டெய்சி வீட்டு கேட்டில் கீரைக்கட்டைச் செருகி, "டெய்சிம்மா, பூச்சி பாத்து ஆஞ்சிக்க" என்று கத்திவிட்டுப் போவாள். போன தேர்தலில் முதல் ஆரத்தி எடுத்தவளும் அவள்தான். தட்டில் விழுந்த பணத்தை டெய்சியின் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

வடிகாலுக்கு மரம் குறுக்கே நின்றது. வளைத்துத் தோண்டினால் கீழ்க்கோடி வீடுகளுக்குள் தண்ணீர் போகும். டெய்சி அதை வெட்டச் சொன்னது தப்பில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் டெய்சி, செங்கமலம் ஷிஃப்டில் இருக்கும் நேரம் பார்த்து வெட்டச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க டெய்சிக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வந்த செங்கமலம் சண்டை போடவில்லை. "சொல்லியிருந்தா நானே வெட்டித் தந்திருப்பனே, கவுன்சிலரம்மா" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வாயில் 'டெய்சிம்மா' வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் டெய்சிக்குத் தாங்கவில்லை.*

* காலையில் கேட்டைத் திறக்கும்போது இன்னமும் கம்பி இடுக்கைப் பார்க்கிறாளாம். பெனடிக்ட் சொன்னது.

3

முடிவுக்காக ஒரு ஆசை வந்தது. வெட்டிய கிளைகளில் ஒன்றை டெய்சி நட்டிருந்தால்? அவளிடமே கேட்டேன்.

"நட்டேன் சார். துளுத்துகினுதான் இருக்கு. ஆனா அது இப்ப எங்க வூட்டு மரம். தூக்கிக்கினு போனா, ஓட்டுக்கு முருங்கக்கன்னு குடுத்தவன்னு பேராயிடும்."

அந்த முடிவு போயிற்று.

இன்னொன்று எழுதினேன். டெய்சி தோற்கிறாள். மறுநாள் காலை கேட்டில் கீரைக்கட்டு.

படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப தோத்துடட்டா சார்?"

பாதி கேலிதான். மீதிப் பாதி...

4

இன்று ஐந்தாம் தெருவில் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறோம். வாசல்தோறும் ஆரத்தித் தட்டு. செங்கமலத்தின் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. உள்ளே டிவி ஓடுகிறது. டெய்சி மேளக்காரர்களைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, நோட்டீஸ் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, வடிகால் மூடிமேல் போய் நின்றாள். மரம் நின்ற இடம் அதுதான்.

கதவைத் தட்டினாள்.

"யாரு?"

ஐந்து வருஷமாக எந்தக் கதவிலும் "கவுன்சிலர்" என்றே சொல்லிப் பழகிய வாய்.

"நான்தான்க்கா. டெய்சி. அன்னைக்குச் சொல்லாம செஞ்சிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

டிவி நின்றது.

மன்னிப்பை வேறொருவர் சார்பில் எழுதும் உரிமை எனக்கு இல்லை. அவளுக்குப் பின்னால் நின்று ஆண்டவரை வேண்டிக்கொள்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

செங்கமலத்தின் இடத்தில் இப்போது நீங்கள்தான் உள்ளே இருக்கிறீர்கள். மடியில் கிடத்தி நீங்கள் கொண்டுவந்த மரம் அது. தாழ்ப்பாளும் உங்கள் பக்கம்தான்.

ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள். வெளியே நிற்பவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறீர்கள்?