அந்தப் பக்கத்து டாக்டர் எடுத்த படம்

இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் சிரிப்பை நிறுத்தியபோதே ஆதிலட்சுமிக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அதுவரை மனிதர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எந்த பிளாக், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். அவள் புருஷன் மருதமுத்துவின் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மறுபடி ஒரு தடவை எடுக்கச் சொன்னார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, "சரி, கெளம்பலாம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மருதமுத்து நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பழுதுபார்க்கும் கான்ட்ராக்ட் ஆள். போன மழைக்காலத்தில், டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்தவனை ஒரு கார் இடித்துத் தள்ளியது. கால் ஒடிந்தது, விலா எலும்பில் விரிசல். நஷ்டஈடு கேட்டுக் கடலூர் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். நிஜமாகவே இவ்வளவு அடியா என்று சோதிக்கத்தான் கம்பெனி அவனைத் தன் டாக்டரிடம் அனுப்பியது.

அந்த ரிப்போர்ட் கோர்ட்டுக்கு வரவே இல்லை. இவர்கள் வக்கீல் கலைச்செல்வனுக்கு அதில் ஏக சந்தோஷம்.

"அடி பொய்னு இருந்தா மொத ஆளா கொண்டாந்து நீட்டியிருப்பாங்கம்மா. நீட்டலைன்னா நமக்குச் சாதகம்னு அர்த்தம். நிம்மதியா இருங்க."

"அதுல இன்னா எழுதியிருக்குன்னு நாம கேக்கக் கூடாதாங்க?"

"மனு போடலாம். தர முடியாதுன்னு அவங்க மல்லுக்கு நிப்பாங்க. கேஸ் இழுத்துகினே போவும். எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பாம்! சாதக பாதகம் பார்த்தே பழகியவருக்கு அடுத்தவன் நெஞ்சும் ஒரு பாயின்ட்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். பயம்தான் நாக்கைக் கட்டிப்போட்டது.

புருஷன் அதற்கு மேல். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றதும் சீறினான். "பர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்றியா? எவனாவது பாத்துட்டு, இந்த ஆளு தேறமாட்டான்னு போட்டுக் குடுத்தா போச்சு. எனக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தான இருக்கேன்?"

நன்றாகத்தான் இருந்தான். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், படுத்தால் குறட்டை விட்டான். குறட்டை நின்றால்தான் அவளுக்கு உயிர் போய்விடும். மூக்கருகே விரலை வைத்து, மூச்சு படுகிறதா என்று பார்ப்பாள்.

அடுத்த வாய்தாவுக்கு அவன் லீவு போட மறுத்துவிட்டான். அவள் மட்டும் குறிஞ்சிப்பாடி வழியாக பஸ் பிடித்து வந்தாள். கேஸ் தள்ளிப்போனது. கலைச்செல்வன் டீ குடிக்கப் போய்விட்டார். அப்போது கம்பெனி வக்கீல் சக்கரபாணி கட்டுக் காகிதத்தோடு எதிரே வந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், நான் மருதமுத்து சம்சாரங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எதிர்பார்ட்டிகிட்ட நான் பேசக் கூடாதும்மா. ஒங்க வக்கீல வரச் சொல்லுங்க."

"ரிப்போர்ட்டக் காட்ட வேணாங்க. நீங்களே வச்சிகினு இருங்க. கேஸு தோத்தாலும் சரி." அவள் வழியை விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணுமா, வேணாமா?"

சக்கரபாணி காகிதக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவள் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?" என்றார் கடைசியில்.

"டியூட்டிலங்க. சிமெண்டு மூட்டை ஏத்தறாரு, மாடிக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "போன் பண்ணும்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "இப்பவே பண்ணு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நம்பிக்கை இழந்த சமயத்தில் அவன் எடுத்தான். மேல்மூச்சு வாங்கியது.

"இன்னாடி? படியில நிக்கறேன், தோள்ல மூட்டை கெடக்குது. சட்டுனு சொல்லு."

கத்தினால் திடுக்கிட்டுவிடுவானோ என்று அதற்கும் பயமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லிங்க," என்றாள். "அந்த மூட்டைய மெதுவா கீழ வைங்க. நான் வர்ற வரைக்கும் அங்கியே ஒக்காந்துகினு இருங்க."