காற்றுத் திருகு

எங்கள் பட்டறையின் பழைய மாடல் படகு எஞ்சினில், டேங்கிலிருந்து கிளம்பும் பெட்ரோல் பதினோரு இணைப்புகளைத் தாண்டித்தான் கார்புரேட்டரை அடையும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கிளிப். படகின் பின்பக்கம் தொங்குகிற எஞ்சின் என்பதால் உப்புநீர் தெறித்துக்கொண்டே இருக்கும். கிளிப் துருப்பிடிக்கும், தளரும், கசியும். ரிப்பேருக்குத் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

பதினொன்றை நான்காக்கினேன். இரண்டு ஃபில்டர்களை ஒன்றாக்கினேன். குழாயைக் கழற்றி மாட்டும் முனையை எடுத்தேன். பம்ப் உறிஞ்சினால் மட்டும் திறக்கிற வால்வு ஒன்று நடுவில் இருந்தது. அதையும் எடுத்தேன். இணைப்பே இல்லாத இடத்தில் கசிவு ஏது என்று அறிக்கையில் எழுதினேன். முதலாளி அந்த வரியின் கீழ் கோடு போட்டார்.

மனைவி இறந்த பத்து மாதத்தில் நான் செய்த ஒரே வேலை இது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க நன்றாக இருந்தது.

குழாய் மாட்டும் பிரிவில் இருப்பவரைக் கிளிப் அக்கா என்போம். பதினேழு வருடமாகக் கிளிப் முடுக்குகிறார். புது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “பதினொண்ணு நாலாச்சு. அடுத்து என்னையும் கழட்டிடுவீங்களா தம்பி?” என்றார். நான் சிரிக்கவில்லை. “சரி, மூஞ்சிய மட்டும் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கீங்க போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதிரி எஞ்சின்கள் இரண்டு செய்தோம். ஒன்று பட்டறையில் ஓடும். இன்னொன்று நிஜமான தண்ணீரில் நிஜமான ஆள் கையில் நாற்பது மணி நேரம் ஓட வேண்டும் என்றார் முதலாளி. என் மாமனார் படகுக்காரர். எதிர்த்தீவில் பாலம் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கேனும் சாமான்களும் கொண்டுபோகிறவர். மாப்பிள்ளை செய்த எஞ்சின் வேறு எவன் படகில் ஓடுவது என்று சண்டைக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய பழைய எஞ்சினை இறக்கிவிட்டு நானே இதை மாட்டிக் கொடுத்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. தாத்தா பாட்டியிடம்தான் இருக்கிறாள். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் தாத்தாவோடு படகில் போவாள்.

அன்று சனிக்கிழமை. பட்டறை எஞ்சின் முற்றத்தில் இரும்புச் சட்டத்தில் தொங்கியது. காலையில் ஓட்டி நிறுத்தியிருந்தோம். பதினொரு மணிக்குக் கிளிப் அக்கா வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, சொட்டுது.”

எஞ்சினின் அடிமூடி ஓரத்திலிருந்து துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது. மேல்மூடியைக் கழற்றினேன். அடித்தட்டில் ஒரு டம்ளர் அளவு பெட்ரோல் தேங்கி நின்றது. இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். நான்கும் காய்ந்திருந்தன. கார்புரேட்டரின் வாய்வழியாக வழிந்திருந்தது.

பக்கத்தில் இருந்த டேங்கைப் பார்த்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் டேங்க், வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாதிரி உப்பியிருந்தது. வெயில் நேராக அதன்மேல் அடித்தது.

டேங்க் மூடியின் நடுவே ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் காற்று போய்வரும். எஞ்சின் ஓட அது திறந்திருக்க வேண்டும். இப்போது அது இறுக்கி மூடியிருந்தது. யார் மூடியது என்று கேட்டேன். நான்தான் என்றார் அக்கா. பக்கத்தில் மரம் அறுக்கிறார்கள், எஞ்சின் நிற்கும்போது தூள் உள்ளே போகக் கூடாது என்று மூடியதாகச் சொன்னார்.

எனக்கு உடனே விளங்கியது. திருகு மூடிய டேங்க் வெயிலில் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும். அது பெட்ரோலைக் குழாய்க்குள் தள்ளும். பழைய எஞ்சினில் அந்த வால்வு நடுவில் நின்று தடுக்கும். நான் அதை எடுத்துவிட்டேன். இருநூறு மணி நேரம் சோதித்தேன், எல்லாம் கூரைக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் நானே திருகைத் திறந்தேன், திறந்தபடியே விட்டேன். அதுதான் சரியான முறை. எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று வரைந்திருக்கிறேன்.

“நிறுத்தினதும் யார் மூடப்போறாங்க?” என்றேன்.

“ஏன், நான் மூடலையா?” என்றார் அக்கா.

இன்னொருவரையும் எனக்குத் தெரியும்.

என் மனைவிக்கு நான்காம் மாதம் நடந்தபோது ஒருநாள் தன் அப்பாவின் படகில் போனாள். பெட்ரோல் வாடையில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவர் எஞ்சினை நிறுத்தியதும் முதல் வேலையாகத் திருகை இறுக்குவார். ‘ஒரு பாட்டில் சென்ட்டையும் ஊத்திடுங்கப்பா’ என்று இவள் கேலி செய்வாள். குழந்தை பிறந்த பிறகும் அவர் விடவில்லை. இவள் போன பிறகும் விடவில்லை. கை தானாகப் போகும். நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பத்து மணிக்குத் தீவில் எஞ்சினை நிறுத்துவார். கேன்களை இறக்குவார். டேங்க் வெயிலில் கிடக்கும். பதினொன்றரைக்குக் கிளம்புவார். கிளம்பும்போது திருகைத் திறப்பார்தான். ஆனால் அதற்குள் வழிந்தது எஞ்சின் மூடிக்குள் ஆவியாக நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதே மூடிக்குள் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அதில் பொறி பறக்கும்.

போன வாரம் சாப்பிடும்போது மகள் சொன்னாள், எஞ்சினை அவள்தான் ஸ்டார்ட் செய்கிறாளாம். தாத்தா சும்மா உட்கார்ந்திருந்தாராம். நான் தட்டைப் பார்த்தபடி சரி என்றேன்.

மாமனாருக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்தார். “அவரு என்னைக்கு இதை எடுத்துட்டுப் போனாரு? தண்ணியில விழுந்துடுமாம். பீரோவுல பத்திரமா இருக்கு.” போனை வைத்தேன். தீவில் வேறு யார் எண்ணும் என்னிடம் இல்லை. மணி பதினொன்று எட்டு.

பட்டறைக்குப் பின்னால் படித்துறையில் சோதனைப் படகு நின்றது, பழைய மாடல் எஞ்சினோடு. கயிற்றை அவசரமாக இழுத்தேன். முடிச்சு விழுந்துவிட்டது. கிளிப் அக்கா குனிந்து என் கையைத் தள்ளிவிட்டுத் தானே அவிழ்த்தார். ஓடிவரும்போதே பாதியைச் சொல்லியிருந்தேன்.

“தள்ளி உக்காருங்க. நீங்க ஓட்டினா பாலத்துத் தூண்லதான் ஏத்துவீங்க” என்றார்.

சாதாரணமாகப் பதினைந்து நிமிடம். எதிர்க்காற்று வேறு. அலுமினியப் படகு ஒவ்வொரு அலையிலும் தட்டு விழுந்த மாதிரி அறைந்தது. நான் முன்னால் உட்கார்ந்து தீவையே பார்த்தேன். தீவு நகரவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது எனக்கு வரும். டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இருந்தால் ஆவி அதிகம், அது வெளியே தள்ளும் பெட்ரோலும் அதிகம். அவர் எப்போதும் திரும்பிவரும் அளவுக்குத்தான் ஊற்றுவார். மூடிக்குள் இருக்கும் இடம் இத்தனை லிட்டர். அது வெடிக்க இத்தனை சொட்டு போதும். மிகக் குறைவான சொட்டு. கணக்கு முடிந்ததும் பயம் வந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு. இதுவா திரும்பி வர வேண்டும் என்று இருந்தது.

பாதி வழியில் தீவின் மேல் கரும்புகை எழுந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “தார் காய்ச்சறாங்க. தினம் காய்ச்சறாங்க. உக்காருங்க.” தார்தான். வாடை வந்தது. ஆனாலும் புகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

பதினொன்று இருபத்தொன்பதுக்குப் படகு தெரிந்தது.

கரையிலிருந்து தள்ளி மிதந்தது. மாமனார் கழியை ஊன்றித் தள்ளிவிட்டு, அதைப் படகுக்குள் போட்டார். மகள் நீலத் தொப்பியோடு பின்பக்கம், எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் டேங்க் பக்கம் குனிந்தார். திருகைத் திறக்கிறார். அதற்கு அடுத்தது பொத்தான்தான்.

கத்தினேன். எங்கள் எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா புரிந்துகொண்டு எஞ்சினை நிறுத்தினார். சத்தம் போனது, வேகமும் போனது. நடுவில் நாற்பது மீட்டர் தண்ணீர். இனி குரல் மட்டும்தான் போக முடியும்.

தொடாதே என்று கத்த வாய் திறந்தேன். மூடினேன். திடுக்கிட்டால் விரல் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

“பாப்பா, அப்பாகிட்ட வா” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கை ஆட்டினாள். “இருப்பா, ஸ்டார்ட் பண்ணிட்டு வரேன்.”

இன்னொரு கை பொத்தானுக்கு நேராக இருந்தது.

“மாமா, அவளத் தூக்குங்க.”

நான் இதுவரை அவருக்கு எதையும் சொல்லிச் செய்ய வைத்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரே எட்டில் போய் அவளை இடுப்போடு அள்ளிக்கொண்டு படகின் முன்பக்கம் வந்து நின்றார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்கா துடுப்பு போட்டுச் சேர்த்தார். முதலில் பிள்ளையை எங்கள் படகுக்கு மாற்றினோம். பிறகு பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். எஞ்சின் மூடியைத் தூக்கினேன். வாடை முகத்தில் அறைந்தது. அடித்தட்டில் பெட்ரோல் தளும்பியது, பட்டறையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு. மாமனார் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“நான் மூடினதாலயா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா. நீங்க மூடுவீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த வால்வ எடுத்தேன்.”

அவர் டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்து திருகின் மேல் விரலை வைத்தார். திறந்திருந்தது. மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. “அவளுக்கு வாடை ஆகாதே” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோலைத் துணியால் ஒற்றித் தகர டப்பாவில் பிழிந்தோம். அவர் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அந்த எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்ய நான் விடமாட்டேன். திங்கட்கிழமை வால்வு திரும்பப் போகும். அதற்கு இரண்டு பக்கமும் இணைப்பு, இரண்டு கிளிப். முதலாளி கோடு போட்ட வரியை நானே அடிக்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன்.

“நாலு ஆறாச்சா?” என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. “அப்ப எனக்கு வேலை இருக்கு.”

மகள் என் இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்காக அழுது முடித்திருந்தாள். பின்னால் கயிற்றில் இழுபடும் படகில் தாத்தா தனியாக வந்துகொண்டிருந்தார். அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வோர் அலையிலும் படகு அறைந்தது. ஒவ்வொரு முறையும் என் உடம்பு தூக்கிப்போட்டது.

“அப்பா, கை வலிக்குது.”

குனிந்து பார்த்தேன். அவள் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். விரல் பதிந்த இடம் வெளுத்திருந்தது. பிடியைத் தளர்த்தினேன். விடவில்லை.