சலூன் ஜன்னலில் ஒரு பிரிவெட்

லிஃப்ட் மெக்கானிக்கின் மரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காணாமல் போயிருந்தது. அவருடையது தரைத்தளத்து வீடு. தெருப்பக்கச் சுவரின் மேல் பூந்தொட்டி அளவுக்கு ஒரு பலகை உண்டு. முந்தின நாள் அதில் மரம் இருந்தது. விடிந்து பார்த்தால் பலகை மட்டும் இருந்தது.

அது விலை கொடுத்து வாங்கிய மரமில்லை. பிரிவெட். வேலிக்கு நடுவார்களே, சின்னச் சின்ன இலையோடு, எவ்வளவு வெட்டினாலும் சளைக்காமல் தழைக்கும், அந்தச் செடிதான். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று குடியிருப்பின் பழைய வேலியைப் பிடுங்கிப் போட்ட நாளில், அந்தக் குவியலிலிருந்து முழங்கைப் பருமனில் ஓர் அடிக்கட்டையை அவர் இழுத்து வந்தார். ஓர் இலைகூட இல்லாத மொட்டைக் கட்டை. ஒரு பக்கம் உளுத்துப் பொந்து விழுந்திருந்தது.

“விறகடுப்புகூட நம்ம வீட்ல இல்லையே,” என்றாள் மனைவி.

ஒன்றரை மாதத்தில் கட்டை முழுக்கப் பச்சைப் பொட்டுகள் வெடித்தன. வேண்டியதை விட்டு மற்றதைக் கிள்ளினார். ஆறு வருஷத்தில் அது தட்டுப் போன்ற தொட்டியில் நிற்கும் ஒன்றரை அடி உயரப் போன்சாய்க் கிழமரமாகிவிட்டது. இடது கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியை ஒரு கோடையில் அவிழ்க்க மறந்துவிட்டார். கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் அழுந்தி, திருகாணியில் மரை போட்டதுபோலத் தழும்பு விழுந்துவிட்டது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வார்.

காணாமல் போன அன்று பக்கத்துத் தெருக்கள் எல்லாம் நடந்து பார்த்தார்.

“போலீஸ்ல சொல்லலாமா?” என்றார்.

“என்னன்னு சொல்வீங்க? வேலிச்செடி காணோம்னா?” என்று கேட்ட மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் காபி போட உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவர் வேறு மரம் எதுவும் வளர்க்கவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு மூட மறுக்கிறது என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தவர் எதிரே பார்த்தார். ஒரு சலூன். அதன் கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு பிளாஸ்டிக் பேசின். பேசினில் அவருடைய மரம்.

மரத்துக்குத் தலையே இல்லை. மேல்பாதி வெட்டப்பட்டு, கையாக இருந்த இடது கிளை நிமிர்ந்து தலையாகியிருந்தது. அதன் அடியில் அந்த மரைத் தழும்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. சாலையைக் கடந்து உள்ளே போனார்.

“ஷேவிங்கா சார்?” சலூன்காரருக்கு நாற்பது வயதிருக்கும்.

“முடி வெட்டணும்.”

சலூன்காரர் அவர் தலையை ஒரு முறை பார்த்தார். காதோரத்திலும் பின்னாலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. துணியை உதறிப் போர்த்தினார்.

“அந்தச் செடி எங்க வாங்கினீங்க?”

“வாங்கலை சார். பஸ் ஸ்டாப் பக்கத்துல குப்பையோட கெடந்தது. தொட்டி உடைஞ்சு, வேரெல்லாம் காஞ்சு. யாருக்குத்தான் மனசு வந்துச்சோ! மேல்பாதி செத்துப் போச்சு, நான்தான் அறுத்தேன். நாலு மாசம் ஒரு இலை விடலை. தினம் தண்ணி ஊத்திட்டு, ‘இன்னைக்காவது வா’ன்னு சொல்லிட்டே இருப்பேன்.”

‘அது என் மரம்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார். “உள்ள வைக்காதீங்க. அதுக்கு வெயிலும் காத்தும் வேணும்” என்று மட்டும் சொன்னார்.

“ஓ, சாருக்கு இதெல்லாம் தெரியுமா?”

“கொஞ்சம்.”

அடுத்த பத்தாவது நாளும் போனார். மரம் வாசற்படிக்கு வெளியே வந்திருந்தது. அதன் பிறகு பத்து நாளுக்கொரு முறை போனார். பேசினின் அடியில் ஓட்டை போடச் சொன்னார். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றச் சொன்னார். நுனியை எப்படி வேண்டுமானாலும் கத்தரிக்கக்கூடாது, இரண்டு இலை விட்டு அதற்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளை பிரியும் என்று காட்டினார். சலூன்காரருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை நிமிர்த்தி, ஓரடி பின்னால் நின்று பார்த்து, ‘சக்’ என்று வெட்டுவார். தான் ஆறு வருஷத்தில் கற்றதை இவன் மூன்று மாதத்தில் பிடித்துவிட்டானே என்று மெக்கானிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. “இருக்கிறது நாலு முடி. அதுக்கு மாசத்துல மூணு தடவை சலூனா?” என்றவள், ஒரு சனிக்கிழமை கூடவே கிளம்பிவிட்டாள். படியேறப் போனவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க, இது நம்ம மரம் இல்ல? இதோ பாருங்க, உங்க கம்பித் தழும்பு!”

சலூன்காரர் நாற்காலியில் இருந்தவரின் தலையிலிருந்து கையை எடுத்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

“நெசமாவா சார்?”

அவர் தலையாட்டினார்.

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே,” என்றார் சலூன்காரர். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “பொய் சொல்ல மாட்டேன், அக்கா. இதக் குடுக்க எனக்கு மனசு வரலை,” என்றார்.

“பரவால்ல தம்பி, வச்சுக்கோங்க,” என்று மெக்கானிக் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள். “ஏன் இத்தனை நாளா வாயே திறக்கலை?”

“சொல்லியிருந்தா குடுத்திருப்பான்.”

“அதுக்குத்தானே சொல்றது?”

“நான் வளர்த்தேன், சரி. பொழைக்க வச்சது அவன். எந்த வாயால கேக்கறது?”

 

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பேசினை மார்போடு அணைத்தபடி சலூன்காரர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மண். எதிர்க் கட்டடத்தில் விலாசம் விசாரித்து, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்.

“கடையில வச்சுப் பாக்க முடியலை சார். திருட்டுச் சாமான் மாதிரி உறுத்துது.”

“திருடினது நீங்க இல்லையே.”

“இல்லைதான். ஆனா யாரோடதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சே.”

மெக்கானிக் பேசினை வாங்கிக்கொண்டார். முன்பைவிடக் கனமாக இருந்தது. கண் கலங்கியது, மண் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டார். பின்கட்டு முற்றத்தில், சுவர் வெயிலை மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தார்கள். சலூன்காரர் கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

“திங்கட்கிழமையில வந்து பாத்துட்டுப் போகட்டுமா?”

“கத்திரியையும் எடுத்துட்டு வாங்க,” என்றாள் மனைவி.

அப்படியே வந்தார். குளிர் விலகி மொட்டுகள் வீங்கத் தொடங்கிய வாரத்தில் இருவரும் சேர்ந்து மரத்தை நல்ல தொட்டிக்கு மாற்றினார்கள். வேர்ப்பந்தை ஒரு குச்சியால் கோதிவிட்டதும், கனத்த வேர்களை அறுத்ததும் மெக்கானிக். மண்ணைத் தட்டித் தட்டி நிரப்பியது சலூன்காரர். பொந்துக்கு மேலே புதிதாகக் கிளம்பிய ஒரு கிளையில்தான் சண்டை வந்தது. பொந்தை மறைக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார் மெக்கானிக். அதுதான் தன் கடையில் முதல் முதலில் இலை விட்ட இடம், தொடக்கூடாது என்றார் சலூன்காரர். அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்த வருஷம் இருக்கட்டுமே,” என்றாள் மனைவி.

இருந்தது. கோடையில் அந்தக் கிளையில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. வாசனை கொஞ்சம் கடுமைதான், மாடிவீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மெக்கானிக் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் சலூனுக்குப் போன் போட்டார்.