அரை விரல் குட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய மேசைக்கு முன்னால், முக்காலியில், என் மனைவி. கண் அறுவை டாக்டர். அவளுக்கு எதிரே பிரம்பு நாற்காலியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், சிஸ்டர். ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு இருபத்தாறு வருஷமாகக் கருவி எடுத்துக் கொடுப்பவர். சோபாவின் நல்ல பக்கத்தில் மகள்; ஸ்பிரிங் குத்துகிற பக்கத்தில் மாப்பிள்ளை. கதவோரம் நான், எழுதுகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டு. உட்கார்ந்த இடங்களை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று நடந்த கூத்தெல்லாம் உட்காருகிற சமாச்சாரத்தால் வந்ததுதான்.

"எழுதுங்க," என்றாள் மனைவி. "பெரிய டாக்டருக்கு. நாளையிலேருந்து நான் அறுவை செய்யப் போறதில்லை. காரணம், கை நடுங்குது."

யாரும் வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளையைத் தவிர. அவர் திறந்ததும் மேசையிலிருந்த தட்டிலிருந்து ஒரு திராட்சையைப் போட்டுக்கொள்ளத்தான்.

"மாப்பிள்ளை, அது தையல் போட்டது," என்றாள் மனைவி.

அவர் மெல்வதை நிறுத்தி, பல்லிடுக்கிலிருந்து நூலை மெதுவாக இழுத்தார்.

எங்கள் வீட்டில் பழத்தைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஞாயிறுதோறும் அவள் திராட்சையில் கை பழகுவாள். தோலில் சட்டைப் பொத்தானளவு வட்டமாக உரித்தெடுத்து, திரும்பவும் வைத்துத் தைப்பாள். உள்ளே சதை கீறாமல் இருந்தால் திங்கட்கிழமை யாருடைய கண்ணும் கீறாது என்பது அவள் கணக்கு. அன்று ஏழு பழம் பாழாகியிருந்தது. வட்டம் ஒன்றுகூட வட்டமாக இல்லை. ஏதோ தீவின் வரைபடம் மாதிரி இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கண்ணில் கத்தி வைத்த முதல் பெண் அவள்தான். சேர்ந்த அன்றே அப்போதைய பெரிய டாக்டர், "பொம்பளைக் கை நடுங்கும்" என்று சொல்லிவிட்டார். அங்கிருந்த ஸ்டூல்கள் எல்லாம் ஆறடி ஆண்களுக்காகச் செய்தவை. அவள் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாமல் ஊஞ்சல் ஆடியது. மறுநாள் நான் எங்கள் சமையலறை முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைச் செய்த தச்சர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு காலை அரை விரல் குட்டையாக அறுத்துவிட்டிருந்தார். அவள் அந்தக் காலை இடப்பக்கம் வைத்து, கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்தாள். கை நடுங்கவில்லை. சாய்ந்தபடியே முப்பத்துநாலு வருஷம், நாற்பதாயிரத்துச் சொச்சம் கண்கள்.

அவளிடம் தொழில் கற்ற பதினாலு பெண் டாக்டர்களும் நேரான நாற்காலியில்கூட இடப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவார்கள். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது போட்டோக்காரர் மூன்று தடவை கேமராவின் காலைச் சரிசெய்தார்.

திங்கட்கிழமை முதல் நோயாளி நான்தான். இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலக்கண். வீட்டு மனிதர்களுக்கு வீட்டு டாக்டர் அறுவை செய்யக் கூடாது என்று பலர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. "அந்தக் கண்ணு என்னைப் பார்த்து முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும்" என்றிருந்தாள்.

இப்போது அதே ஆள், "உங்க கண்ணை என்கிட்ட படிச்ச பொண்ணுங்கள்ல ஒருத்தி பார்ப்பா. எழுதியாச்சா?" என்றாள்.

தேதி போட்டேன். பெறுநர் எழுதினேன். 'கை நடுங்குவதால்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவள் உத்தியோகக் கடிதங்கள் அத்தனையும் என் கையெழுத்தில் போனவை. எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது. ஒன்றில்கூடப் பொய்க் காரணம் கிடையாது.

"காரணத்துல ஒரு சந்தேகம்," என்றேன்.

"என்ன சந்தேகம்? அன்னைக்கு அவர் சொன்னது முப்பத்துநாலு வருஷம் லேட்டா பலிச்சிருக்கு. அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்திரு."

முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முதலில் பேசியது சிஸ்டர்தான்.

"சார், இந்தக் கால் வளர்ந்திருக்கே."

"நான்தான் வியாழக்கிழமை ஒட்டினேன்."

அறுவை அறைக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்று பத்து நாளாக முக்காலி வீட்டில் இருந்தது. சாய்வைப் பார்க்கச் சகிக்கவில்லை. அளவெடுத்து, மரத்துண்டு வெட்டி, பசை போட்டு ஒட்டினேன். சொல்லாமல் செய்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அடியில சிவப்பு மையில எழுதியிருந்தேனே சார், 'இந்தக் காலைத் தொடாதே'ன்னு."

"சிவப்பா ஏதோ தெரிஞ்சுது சிஸ்டர். கறைன்னு நெனச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

"அப்பா," என்றாள் மகள், "எழுத்தும் கறையும் ஒண்ணாத் தெரியற கண்ணை வச்சுக்கிட்டா தச்சு வேலை பார்த்தீங்க?"

மனைவி அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "ரெண்டு நாளா வீடே வலப்பக்கம் சரியற மாதிரி இருந்துச்சு. மூளையில ஏதோன்னு நெனச்சேன். நான் தூங்கலைங்க," என்றாள்.

துண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"என்ன பசை மாமா இது?" மாப்பிள்ளை முக்காலியை வாங்கி முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"நல்ல பசை."

"முரட்டுத்தனம் வேண்டாம் மாப்பிள்ளை," என்றாள் மனைவி. "கண்ணுல விழுந்த தூசின்னு நெனச்சு எடுங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். பிறகு ஒரே இழுப்பு. துண்டு அவர் கைக்கு வந்தது, அவர் சோபாவின் ஸ்பிரிங் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் விட்ட சத்தம் இரண்டாவது விஷயத்துக்கானது.

அவள் குட்டைக் காலை இடப்பக்கம் திருப்பி வைத்து உட்கார்ந்தாள். சாய்ந்தாள். எட்டாவது திராட்சையை எடுத்தாள். நான் மகளைப் பார்த்தேன், அவளும் சாய்ந்திருந்தாள். சிஸ்டரும்தான், பையோடு. கத்திமுனை தோலைத் தொட்டுச் சுற்றி வந்தது. பொத்தான் மாதிரி ஒரு வட்டம் கழன்று வந்தது. என் மங்கல் கண்ணுக்கே அது வட்டமாகத் தெரிந்தது. அதைத் திரும்ப வைத்து நாலு தையல் போட்டு, தட்டில் மாப்பிள்ளை பக்கமாக நகர்த்தினாள்.

"இது பார்க்க மட்டும்."

"பெரிய டாக்டருக்கு இப்ப என்ன எழுதணும்?" என்று கேட்டேன்.

"உண்மையை எழுதுங்க. பழக்கம் இருக்குல்ல."

புதுத் தாள் எடுத்தேன். 'ஐயா, வண்ணம் பூசிய அறுவை அறைக்கு, ஒரு கால் அரை விரல் குட்டையான முக்காலி நாளைக் காலை திரும்பி வருகிறது. அதை யாரும் சரிசெய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நோயாளிக்கான நேரத்தில் மாற்றமில்லை.' நகலும் எடுத்தேன்.

அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தருமுன் 'யாரும்' என்ற சொல்லுக்கு மேலே 'முதல் நோயாளி உட்பட' என்று சேர்த்தாள். எழுத்து ஆடவில்லை. நகலிலும் அதைச் சேர்க்கச் சொன்னாள்.

உறையை ஒட்ட வீட்டில் வேறு பசை இல்லை. முக்காலிக்குப் போட்டதையே தடவி அழுத்தினேன்.

"பெரிய டாக்டர் இதைப் பிரிச்சுடுவாரா சார்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"கிழிச்சா உண்டு."

சிஸ்டர் கடிதத்தைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, முதல் தடவையாக அந்தப் பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.